குசினிக் கேள்விகள்: தூள் போட முன் கொஞ்சம் எடுத்து வையுங்கள்

கேள்வி: வேலைக்குப் போகும் தாய் நான். மூத்தவனுக்கு எட்டு வயது, மரக்கறியைக் கண்டால் கோப்பையைத் தள்ளிவிடுவான். இளையவளுக்கு நாலு வயது, உறைப்புச் சரிவராது. இவருக்கோ உறைப்பு இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. மாமி செவ்வாய் வெள்ளியில் மச்சம் தொடமாட்டார். ஒரு காலத்தில் சமையல் எனக்கு நல்ல விருப்பம். இப்போது பின்னேரம் வீட்டுப் படலையைத் திறக்கும்போதே "இரவுக்கு என்ன செய்வது" என்று நெஞ்சு படபடக்கிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்தால், ஆளுக்கொரு சாப்பாடாக நாலு தரம் சமைப்பதுதான் உங்களைக் களைக்க வைக்கிறது என்று தெரிகிறது. அதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு சமையல் போதும், அதற்குள்ளேயே எல்லோருக்கும் இடம் வைக்கலாம். நல்லகாலம், எங்கள் யாழ்ப்பாணத்துச் சமையலில் அதற்கு வழி இருக்கிறது, ஏனென்றால் எங்கள் கறிகளில் பாதி, தூள் போடும்வரைக்கும் பால்கறிதான்.

கத்தரிக்காய், பூசணிக்காய், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, எதுவென்றாலும் சரி. வெங்காயம், கறிவேப்பிலை, கொஞ்ச வெந்தயம், மஞ்சள், உப்பு போட்டு இரண்டாம் பாலில் அவியவிடுங்கள். பச்சைமிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டால் மணம் வரும், உறைப்பு அவ்வளவாக இறங்காது. காய் வெந்ததும் இளையவளின் பங்கைச் சின்னச் சட்டிக்கு எடுத்து, முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். மிச்சத்துக்குத் தூளும் பழப்புளியும் போட்டு, தூளின் பச்சை மணம் போகக் கொதிக்கவிட்டு, பிறகு முதற்பால். ஒரே அரிதல், ஒரே அடுப்பு, இரண்டு கறி. மீனுக்கும் அப்படித்தான், இரண்டு துண்டைச் சொதிக்குள் போட்டுவிட்டு மிச்சத்தைக் குழம்பாக்குங்கள். உங்கள் கணவருக்கு இன்னும் உறைப்பு வேண்டுமென்றால் செத்தல்மிளகாய்ச் சம்பல் ஒரு போத்தலில் இருக்கட்டும், அவரே போட்டுக்கொள்ளலாம். தேங்காய் திருவுவதையும் அவரிடம் கொடுங்கள். நாலு பேர் சாப்பிடும் வீட்டில் ஒருவர் மட்டும் குசினிக்குள் நிற்பது நியாயமே இல்லை, இதைக் கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம்.

இனி மூத்தவன். பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றி எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொன்ன ஒரு முறை இருக்கிறது, நான் கேட்டவற்றில் இதுதான் எனக்கு மிகச் சரியாகப் பட்டது. என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நாங்கள் செய்வது தலைகீழ். என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டுச் சமைக்கிறோம், பிறகு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று நாங்கள் சண்டை பிடிக்கிறோம். அவனுக்குப் பழகிய ஒன்று, சோறோ சொதியோ அவித்த முட்டையோ, எப்போதும் மேசையில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கரண்டி மரக்கறி. தொடாவிட்டால் விடுங்கள், "ஒரு வாய் அப்பன்" என்று கெஞ்சவும் வேண்டாம், சாப்பிட்டால் சொக்கிலேற் என்று பேரம் பேசவும் வேண்டாம். ஒரு புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தரம்கூட அது கண்ணில் பட்டு நாக்கில் பட வேண்டியிருக்கும். நாங்கள் மூன்றாம் தரத்திலேயே "இவன் போஞ்சி தின்னமாட்டான்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அவன் பக்கத்தில் நிற்கும்போதே அப்படிச் சொல்வதால் அவனும் அதையே பிடித்துக்கொள்கிறான்.

பல பிள்ளைகளுக்குப் பிரச்சினை மரக்கறியின் ருசியில் இல்லை, அதன் பதத்தில். அவித்த கரட்டைத் துப்பும் பிள்ளை, கரட்டைத் துருவித் தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்த சம்பலைக் கேட்டு வாங்கித் தின்னும். வெண்டிக்காய் வழுவழுத்தால் வேண்டாம், மொறுமொறுவென்று பொரித்துப் போட்டால் வேண்டும். சனிக்கிழமை காலையில் திருநெல்வேலிச் சந்தைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரக்கறியை அவனே தெரிவு செய்யட்டும், பயிற்றங்காய் முறிக்கவும் அவனிடமே கொடுங்கள்.

வேலை நாள் இரவுக்கு நான் சொல்வது கீரைப் புட்டு. வறுத்த சிவப்பரிசி மாவும் அவித்த கோதுமை மாவும் சரிபாதி, உப்பு, கொதித்து ஆறிய சுடுதண்ணீர் விட்டுக் குழைத்துச் சின்னனாகக் கொத்திக்கொள்ளுங்கள். முளைக்கீரையோ முருங்கையிலையோ பொடியாக அரிந்தது, வெங்காயம், தேங்காய்ப்பூ சேர்த்துப் பிரட்டுங்கள். மாமிக்கு முதல் நீத்துப்பெட்டி அப்படியே. அடுத்ததில் உடைத்த சின்ன இறால், பெரியவர்களுடையதில் பச்சைமிளகாய். சோறும் கறியும் தனித்தனியாக வேண்டியதில்லை, ஒரு சம்பலோ பொரித்த முட்டையோ போதும். மாவை முன்கூட்டியே வறுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை தேங்காய் திருவிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால், வேலைநாளில் கீரை அரிவதுதான் பெரிய வேலை. அப்புறம் ஒன்று. கீரை போட்டிருக்கிறதா என்று மகன் கேட்டால் ஓம் என்று உண்மையைச் சொல்லுங்கள். ஒளித்துவைத்து ஒருநாள் பிடிபட்டால் அவன் பிறகு வெறும் புட்டையும் கிண்டிப் பார்ப்பான்.

கேள்வி: பேத்திக்கு மூன்று வயது. தாய் தகப்பன் வேலைக்குப் போக நான்தான் பார்க்கிறேன். போத்தலில் பால், விசுக்கோத்து, இவை தவிர ஒன்றும் வேண்டாமாம். போனில் படம் போட்டுக் காட்டினால்தான் வாய் திறப்பாள். இப்போது அதுவும் சரிவரவில்லை, வாய்க்குள் வைத்துக்கொண்டே இருக்கிறாள். பிள்ளை மெலிந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு அம்மம்மா, பருத்தித்துறை

பதில்: அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் முதலில் ஒன்றைக் கேளுங்கள். பிறந்த பிள்ளை ஒரு வயதுக்குள் பிறந்த நிறையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அதற்குப் பிறகு வேகம் குறைந்து, இந்த வயதில் வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். வளர்ச்சி குறையப் பசியும் குறையும். இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயதுவரை புதுச் சாப்பாட்டைக் கண்டு பின்வாங்குவதும் வழமை. பிள்ளை உங்களோடு கோபித்துக்கொண்டு செய்வதில்லை.

பாலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இந்த வயதில் ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் பால் போனால் வயிறு நிரம்பிவிடும், மற்றச் சாப்பாட்டுக்கு இடம் இராது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் பாலிலேயே வளரும் பிள்ளைக்கு இரத்தச்சோகை வரலாம். எனவே போத்தலை விட்டுக் கப்பில் கொடுங்கள், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. விசுக்கோத்தோடு தேத்தண்ணி கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், தேயிலை உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாது.

மூன்று நேரச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறு தீன், இடையில் தண்ணீர் மட்டும். கோப்பையில் ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி அளவு போதும், அவள் வயிறும் சின்னதுதானே. போனைத் தூர வையுங்கள், படத்தில் மூழ்கியிருக்கும் பிள்ளைக்குத் தன் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. நீங்களும் அவளோடு இருந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். அரை மணித்தியாலம் போனதும் ஒன்றும் சொல்லாமல் கோப்பையை எடுங்கள். முதல் சில நாள் அழுவாள், உங்களுக்கு மனம் கேட்காது, ஆனாலும் இடையில் விசுக்கோத்துக் கொடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மகளிடமும் மருமகனிடமும் முதலிலேயே பேசி, மூவரும் ஒரே மாதிரி நடவுங்கள்.

தீனுக்கு விசுக்கோத்து ஏன்? அவித்த பயற்றில் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் பனங்கட்டியும் போட்டால் பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள். உழுத்தங்களி, இராசவள்ளிக்கிழங்கு, இதரை வாழைப்பழம், பப்பாப்பழம், எல்லாம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. முழுக் கச்சான் மட்டும் ஐந்து வயதுவரை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும்.

கிளினிக் கொப்பியில் வளர்ச்சிக் கோடு ஏறிக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள். கோடு சரிந்தால், முன்பு தின்றதையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தால், கட்டியான எதற்கும் ஓங்காளித்தால், சோர்ந்து வெளிறிப் போனால் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். பசிக்கு என்று மருந்துக்கடையில் நீங்களாகப் பாணி மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மகள் மீன் மணம் என்று ஓடுகிறாள். முள்ளுக்கும் பயம். சுறா வறை மட்டும் தின்பாள். அதையே அடிக்கடி செய்து கொடுக்கலாமா?
— ஒரு தகப்பன், மானிப்பாய்

பதில்: அடிக்கடி வேண்டாம். எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா கொடுப்பது பழைய வழக்கம் என்பதால் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சுறா மற்ற மீன்களைத் தின்று நீண்ட காலம் வாழும் மீன், அதன் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். பிரித்தானியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் சுறாவைத் தவிர்க்கும்படி சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள்.

மகளுக்குப் பிடித்தது வறை. அதைச் சின்னப் பாரையிலோ விளைமீனிலோ செய்யலாம். மஞ்சள், உப்பு, இரண்டு துண்டு பழப்புளி போட்டு அவித்து, ஆறியதும் முள்ளை விரலால் தடவி எடுத்து உதிர்த்துக்கொள்ளுங்கள், இந்த வேலையில் அவசரம் கூடாது. வெங்காயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்து, மீனைப் போட்டு ஈரம் வற்ற வறுத்து, கடைசியில் தேங்காய்ப்பூவும் மிளகுதூளும். இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி. மணம் நன்றாக அடங்கும். அதே மீனை அவித்த உருளைக்கிழங்கோடு பிசைந்தால் கட்லட். மீன் பழசானால் எந்தப் புளியாலும் மணம் போகாது, ஆகவே பாசையூரிலோ குருநகரிலோ காலையிலேயே வாங்குங்கள். வளர வளர நெத்தலியை மொறுமொறுவென்று பொரித்துக் கொடுத்துப் பாருங்கள், முள்ளோடு தின்பதால் கல்சியமும் சேரும்.

கேள்வி: ஓய்வூதியம் எடுப்பவன் நான். மனைவிக்கு முழங்கால் வருத்தம் என்பதால் குசினி இப்போது என் கையில். உண்மையைச் சொன்னால் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் முருங்கையிலை வறை கசக்கிறது, மனைவி தொடமாட்டேன் என்கிறார். அவருக்குச் சீனி வருத்தமும் உண்டு, இரவில் குரக்கன் புட்டு எவ்வளவும் சாப்பிடலாமா?
— ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்து மனம் நிறைந்தது. கசப்புக்கு முற்றிய இலையும் ஈர்க்கும்தான் காரணமாக இருக்கும். இளம் இலையாகப் பார்த்து, ஈர்க்கு ஒன்றும் இல்லாமல் உருவிக்கொள்ளுங்கள். வெங்காயம் நன்றாக வதங்கிய பிறகு இலையைப் போட்டு, மூடாமல், நல்ல சூட்டில் கிளறுங்கள், தண்ணீர் விடவே வேண்டாம். இலை சுருங்கியதும் உப்பு. முதலிலேயே போட்டால் இலையின் அளவைப் பார்த்து உப்புக் கூடிவிடும். கடைசியில் தேங்காய்ப்பூ, ஒரு பிரட்டில் இறக்குங்கள். முட்டை ஒன்றை உடைத்து ஊற்றிக் கிளறினால் மனைவி மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

குரக்கன் நல்ல தானியம், 100 கிராமில் கல்சியம் மட்டும் 340 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. ஆனால் அதுவும் மாச்சத்துத்தான், கூடச் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி ஏறும். புட்டு அடர்த்தியான சாப்பாடு, கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும், நிறையில் கூட இருக்கும். எனவே கோப்பையில் பாதிக்கு வறையும் மரக்கறியும், கால்வாசிக்கு மீனோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால்வாசிக்கு மட்டும் புட்டு. மாவைக் குழைக்கும்போதே ஒரு பிடி முருங்கையிலையையும் சேர்த்துவிடுங்கள், மாவும் குறையும்.