வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு சென்னைக்குத் திரும்பினால், கணவருக்கு இங்கே தங்கும் உரிமை தானாக வந்துவிடுமா?

வராது. நம் பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட் என்பதற்காகக் கணவருக்குத் தானாக எதுவும் கிடைத்துவிடாது.

துபாயில் வேலை பார்ப்பதாகவும், கட்டிக்கொள்ளப் போகிறவர் வேறு நாட்டுக்காரர் என்றும், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்ப நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை என்று தோன்றுகிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நானும் துபாயில் கணக்கு வேலை பார்த்துவிட்டு அம்மாவுக்காகத் திரும்பி வந்தவள்தான். என் கணவர் பிலிப்பைன்ஸ்காரர். பெரம்பூரில் குடியிருக்கிறோம். நான் வக்கீல் இல்லை. எங்களுக்கு நடந்ததையும், அதற்காக நான் படித்துத் தெரிந்துகொண்ட சட்டத்தையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவருக்குக் கிடைப்பது என்ட்ரி விசா. எக்ஸ் விசா என்றும் சொல்வார்கள். அதில் இங்கே குடும்பத்தோடு தங்கலாம், ஆனால் வேலைக்குப் போகக்கூடாது. அடுத்த படி ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடிமகனாகவே இருந்துகொண்டு இங்கே நீண்ட காலம் தங்கவும் வேலை பார்க்கவும் விடும் அட்டை. இந்தியரின் கணவர் அல்லது மனைவி என்ற அடிப்படையில் அதைக் கேட்கும் வழி, 1955 குடியுரிமைச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்தால் வந்தது. கல்யாணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 'பதிவாகி' என்பதைக் கவனியுங்கள். தாலி கட்டிய தேதியை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் பெரிய மாமா, "கோயில்ல வச்சு முடிச்சிடலாம்மா, ரிஜிஸ்டர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பதிவுதான் முதலில் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மாப்பிள்ளை மேல் நம்பிக்கை இல்லாமல்தான் காகிதம் கேட்கிறாள் என்று சொந்தத்துக்குள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டேன். அந்தப் பிடிவாதத்தால்தான் எங்களுடைய இரண்டு வருஷம் முதல் நாளிலிருந்தே ஓட ஆரம்பித்தது.

என் கணவர் கத்தோலிக்கர். இந்து திருமணச் சட்டம் இருவருமே இந்துவாக இருந்தால்தான் செல்லும். அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணங்களுக்காகக் அதே சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவும் இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்குத்தான். "ஒரு சர்டிபிகேட்டுக்காக மதம் மாறிவிட்டால் என்ன?" என்று சிலர் யோசனை சொன்னார்கள். நானும் அவரிடம் அதைக் கேட்கவில்லை, அவரும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் நாங்கள் எடுத்தது 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழி. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நோட்டீஸ் கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே துபாயில் எடுக்கும் ஒரு மாச லீவில் இது முடியாது. இதை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள். உங்கள் மாப்பிள்ளை கல்யாணம் ஆகாதவர், கல்யாணம் செய்யத் தடையில்லை என்று அவர் நாட்டுத் தூதரகம் தரும் சான்றும் வேண்டும். ஒரு நாட்டு முத்திரையை மற்ற நாடுகள் அப்படியே ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அவர் நாடு இருந்தால், பிறப்புச் சான்று போன்றவற்றுக்கு அங்கேயே அப்போஸ்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வரட்டும். பிலிப்பைன்ஸுக்கு 2019 மே மாதத்திலிருந்து அந்த வசதி இருக்கிறது. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பதால் துபாய்க் காகிதங்களுக்குத் தூதரக அட்டஸ்டேஷன்தான்.

அந்த நோட்டீஸைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இருவர் பெயர், வயது, வேலை, வீட்டு முகவரி எல்லாவற்றையும் சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள். யாரோ அதை மொபைலில் படம் எடுத்து எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அம்மாவுக்கு அப்போது பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை விழுந்திருந்த நேரம். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "சீனாக்காரராமே?" என்று அம்மாவிடமே கேட்டார். இந்த நோட்டீஸைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளும் இரண்டு பெரியவர்களின் வீட்டு முகவரி எதற்காகத் தெருவுக்கெல்லாம் தெரிய வேண்டும்?

பதிவு முடிந்ததும் அவர் மணிலாவுக்குப் போய், இந்தியத் தூதரகத்தில் எக்ஸ் விசா வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் கஷ்டமே. துபாயில் பெரிய சமையலறையில் பத்துப் பேரை வேலை வாங்கியவர், இங்கே சம்பளத்துக்கு ஒரு முட்டைகூடப் பொரிக்கக்கூடாது. காலையில் அம்மாவுக்குக் கஞ்சி, பிசியோதெரபி, சாயங்காலம் மாடியில் கைத்தாங்கலாக நடை என்று எல்லாம் அவர்தான் பார்த்தார். நான் ஆபீஸ் போனேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்ற கேள்வி வரும். "அம்மாவைப் பார்த்துக்கிறார்" என்பேன். உடனே ஒரு மௌனம். வெளிநாட்டு மருமகள் வந்து மாமியாரைப் பார்த்துக்கொண்டால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஊர்தானே இது? ஆண் செய்தால் மட்டும் என்ன குறை?

வாடகைக்கு வீடு தேடியபோது வீட்டுக்காரர்கள் செய்தது தனி. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வெளிநாட்டவரைக் குடிவைத்தால் அதை அரசுக்குத் தெரிவிக்க அப்போது இருந்த சி படிவத்தைக் கொடுக்க வேண்டும் என்றதுமே பாதிப் பேர் பின்வாங்கினார்கள். மீதிப் பேர் பத்து மாச அட்வான்ஸ் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கையெழுத்துப் போட வர மாட்டேன் என்றார் ஒருவர். முகவரிச் சான்று இல்லாமல் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவில் எதுவும் நகராது. அவருக்கு அதைப் பற்றி என்ன கவலை?

இரண்டு வருஷம் முடிந்ததும் ஓசிஐக்கு விண்ணப்பித்தோம். இங்கேயே விண்ணப்பிப்பதானால் கட்டணம் 15,000 ரூபாய். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு இங்கே விண்ணப்பிக்க முடியாது. வீட்டுக்குப் போலீஸ் வந்து விசாரித்தார்கள். எஃப்ஆர்ஆர்ஓ இருக்கும் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். கல்யாணப் படங்கள், சேர்ந்து போன பயண டிக்கெட்டுகள், இன்ஷூரன்ஸ் நாமினி விவரம் எல்லாம் கொண்டுபோனோம். அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு அதிகாரி என் கணவரிடம் கேட்டார். பெயர், வேளை எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாட்டுப் பாதுகாப்பு முக்கியமில்லையா?" என்று யாராவது கேட்கக்கூடும். முக்கியம்தான். போலிக் கல்யாணங்கள் நடப்பதும் எனக்குத் தெரியும். விசாரிக்கட்டும், எத்தனை முறை வேண்டுமானாலும் வீட்டுக்கு வரட்டும். ஆனால் விசாரிக்கும் காலம் முழுக்க அந்த மனிதரைச் சம்பாதிக்கவே விடாமல் வைத்திருப்பதில் நாட்டுக்கு என்ன பாதுகாப்பு? ஓசிஐ வந்த பிறகும் ஓட்டுரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. கல்யாணம் முறிந்தால் அட்டையை ரத்து செய்யவும் சட்டம் இடம் தருகிறது. இத்தனை வருஷம் இங்கே வாழ்ந்த ஒருவருடைய இருப்பு எங்கள் உறவை மட்டுமே நம்பித் தொங்குவது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை.

குடியுரிமையே வேண்டுமென்றால், இந்தியரை மணந்தவர் ஏழு வருஷம் இங்கே வசித்த பிறகு பதிவு மூலம் கேட்கலாம். இரட்டைக் குடியுரிமை இங்கே இல்லை என்பதால் அவர் தன் நாட்டுக் குடியுரிமையை விட வேண்டும். என் கணவருக்கு மணிலாவில் வயதான அப்பா இருக்கிறார். அதனால் நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இப்போது கிண்டிப் பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறார்.

நீங்கள் கேட்காத ஒன்று, குழந்தை. இங்கே பிறந்தால், நீங்கள் இந்தியர், அவர் செல்லுபடியாகும் விசாவில் இருக்கிறார் என்றால் குழந்தை இந்தியக் குடிமகன்தான். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதமாகத் தங்கியவராக இருந்தால் அது கிடையாது. அதனால் அவர் விசாவை ஒரு நாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள். துபாயில் பிறந்தால் ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும், வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று உறுதியும் தர வேண்டும். 1992 டிசம்பர் 10க்கு முன் வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அப்பா இந்தியராக இருந்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை, அம்மா இந்தியர் என்பது கணக்கிலேயே இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்தக் காலத்து விதியைச் சொல்லிப் பயமுறுத்தினால், அது போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டவர்களுக்கான பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசு இணையதளத்தில் படிவத்தையும் காகிதப் பட்டியலையும் ஒருமுறை புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எந்த நாட்டுக்காரர், பதிவு எங்கே செய்யப் போகிறீர்கள் என்று சொன்னால், எந்தக் காகிதத்தை முதலில் வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கு ஓசிஐ கிடையாது, அவர் அந்த நாட்டுக்காரராக இருந்தால் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.