ஆக்குபேஷனல் தெரபி மாணவரின் இடைக்கால மதிப்பீட்டில் "கிளினிக்கல் ரீசனிங் போதவில்லை" என்று வந்தால்

கிளினிக்கல் ரீசனிங் என்றால், நோயாளிக்கு எதை, ஏன் செய்கிறோம் என்று யோசித்து முடிவெடுப்பது. நீங்கள் நோயாளிக்குப் பயிற்சியைச் சரியாகக் கொடுத்தும் மேற்பார்வையாளர் அப்படி எழுதியிருக்கிறார் என்றால், அந்தப் பயிற்சியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும் இதுதான் காரணம்.

பக்கவாதம் வந்தவருக்குக் "கூம்பு அடுக்கும் பயிற்சி" என்று குறித்தால் கை அசைவு மட்டுமே தெரிகிறது. அவர் மறுபடி செய்ய ஏங்குவது சட்டைப் பொத்தான் போடுவதா, சமைப்பதா? அன்றாட வேலைகளை மறுபடி செய்ய உதவும் ஆக்குபேஷனல் தெரபியே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நேற்றைய குறிப்பை எடுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் "எதற்காக? சிரமப்பட்டால் எப்படி எளிதாக்குவேன்?" என்று எழுதிப் பாருங்கள். பதில் வராத இடம்தான் மேற்பார்வையாளர் கண்ணில் பட்டது. நாளை செஷனுக்கு முன்பே இந்தப் பதில்களை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் கவலைப்பட்டது நோயாளியின் பாதுகாப்பைப் பற்றி என்றால் (நோயாளியைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது அதற்கு பிரேக் போடாதது போல) இது போதாது. எந்தச் சம்பவம் என்று இன்றே கேட்டுவிடுங்கள்.