பில்லர் இருக்க சுவருக்கு என்ன கவலை?

கேள்வி: எங்கள் வீடு பில்லர் போட்டது. கீழே காரும் மாங்காய்க் கிரேட்டும் வைக்கத் திறந்த இடம்; மேலே குடியிருக்கிறோம். கட்டி இரண்டு வருஷத்தில் மாடிச் சுவரும் பீமும் சேரும் இடத்தில் நீளமாகக் கோடு விழுந்திருக்கிறது. ஒரு ஜன்னல் மூலையிலும் சாய்வாக வெடிப்பு. "வீட்டைத் தாங்குறது பில்லர்தான், பட்டி பார்த்து பெயிண்ட் அடிங்க" என்கிறார் மேஸ்திரி. நிலநடுக்கம் வந்தால்?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மேஸ்திரி சொன்னது பாதி சரி. எடையைத் தாங்குவது பில்லரும் பீமும்தான். ஆனால் பூமி பக்கவாட்டில் ஆட்டும்போது பில்லர் சாயப் பார்க்கும். நடுவில் உள்ள சுவர் மூலைக்கு மூலை முட்டுக் கொடுக்கும். நிலநடுக்கத்தில் சுவர் பெருக்கல் குறி போல வெடிப்பது அதனால்தான்.

பீமுக்கு அடியில் விழும் கோடு பெரும்பாலும் அவசரத்தின் விளைவு. சுவர் இறங்கி அடங்கும் முன்பே கடைசி வரிசையை அடைத்துவிடுவார்கள். கிருஷ்ணகிரியில் என் வீட்டிலும் இதே கதை. பட்டி பார்த்தேன், அடுத்த கோடையில் அதே கோடு எட்டிப் பார்த்தது! அப்புறம்தான் பூச்சை உரித்து, இடுக்கை நனைத்து, கெட்டிக் கலவை திணித்து, பீமிலும் சுவரிலும் அரையடி படியும்படி கோழி வலை (மெல்லிய கம்பி வலை) அடித்துப் பூசினேன். உங்களுடையது நாலரை அங்குலச் சுவர் என்றால் தள்ளிப்போடாதீர்கள். மேலே பிடிப்பில்லாத மெல்லிய சுவர், பில்லர் அசையாமல் நின்றாலும், கட்டில் மேல் கவிழ்ந்துவிடும்.

ஜன்னல் மூலை வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். நீளவில்லை, வெளிப்பக்கம் தெரியவில்லை என்றால் வலையும் பூச்சும் போதும். கல்லே பிளந்திருந்தால் அந்தக் கற்களை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

சரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய திறந்த கீழ்த்தளம்தான் எனக்கு உறுத்துகிறது. 2001 ஜனவரி 26 குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இப்படிக் கீழே பார்க்கிங் விட்ட அடுக்குமாடிகள் பல சரிந்தன. மேலே சுவர்கள் விறைப்பாக இருக்க, ஆட்டமெல்லாம் கீழே உள்ள வெறும் பில்லர்களில் போய்ச் சேர்கிறது. நம் பக்கம் அவ்வளவு ஆபத்து இல்லைதான்; ஆனாலும் 1900-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவில் ஆடியிருக்கிறது. கீழே எந்தெந்த இடத்தில் முழுச்சுவர் எழுப்பலாம், எந்தப் பில்லரைப் பருமனாக்கலாம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை கிரேட்டை மறைக்க வேண்டுமென்று பில்லர்களுக்கு நடுவே அரைச்சுவர் கட்டிவிடாதீர்கள். சுவருக்கு மேலே எஞ்சும் குட்டைப் பில்லர்தான் முதலில் உடையும்.