ஒரு பக்கம் மட்டும் மடங்கும் வில்

கேள்வி: நானே ஒரு மர வில் செய்துகொண்டிருக்கிறேன். நாண் ஏற்றி இழுத்தால் வில்லின் மேல் கை, அதாவது பிடிக்கு மேலே உள்ள பாதி, ஓர் இடத்தில் மட்டும் மடங்குகிறது. கீழ் கை விறைப்பாக நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நாணைக் கழற்றுங்கள். மடங்கும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போடுங்கள். இனி அங்கே அரம் படவே கூடாது. அந்தக் குறிக்கு மேலேயும் கீழேயும், அப்புறம் கீழ் கை முழுக்கவும், மரத்தைக் குறையுங்கள்.

சுரண்டுவது உள்பக்கத்தில் மட்டும்தான். அதாவது இழுக்கும்போது உங்களைப் பார்க்கும் பக்கம். வெளிப்பக்கம் இழுபடும் பக்கம், அங்கே மர இழை அறுந்தால் வில் அங்கேயே பிளக்கும். என் முதல் வில்லை 'பளபள'வென்று ஆக்கும் ஆசையில் வெளிப்பக்கத்தையும் இழைத்தேன். மூன்றாவது இழுப்பில் படீர்! அந்தத் துண்டுதான் இப்போது பட்டறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்.

அரத்தை விட உடைந்த கண்ணாடிச் சில்லு நல்லது. மரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உதிரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பத்துத் தடவை சுரண்டினால், நாண் ஏற்றி முப்பது தடவை பாதி தூரம் மட்டும் இழுத்து விடுங்கள். அப்போதுதான் குறைத்தது வளைவில் தெரியும். சுவரில் கட்டம் வரைந்து, அதன் முன்னால் வில்லை மாட்டி, கயிற்றால் இழுத்து, தள்ளி நின்று பாருங்கள். வளைவு சீராகும் வரை முழுசாக இழுக்காதீர்கள்.

கீழ் கை இம்மியளவு விறைப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள், பிடி நடுவுக்குச் சற்றுக் கீழே அமைவதால் அது தேவைதான்.