கண்ணுக்கு ஒரே புள்ளி, ஆனால் கிருமி வேறு

கேள்வி: எங்கள் கலப்பினக் கறவைக்குக் காய்ச்சல் வந்து தீவனம் எடுக்காமல் நின்றது. ஸ்மியர் பார்த்த டாக்டர் ‘தைலேரியா’ என்று ஊசி போட்டார், பிழைத்துக்கொண்டது. ஆராய்ச்சிக்கு ரத்தம் வாங்கிப்போன மாணவர் இப்போது மரபணு வரிசையைப் பார்த்துவிட்டு, ‘இது அன்யுலேட்டா இல்லை, ஓரியன்டாலிஸ்’ என்கிறார். மாடுதான் பிழைத்துவிட்டதே, இனி பெயர் எதுவானால் என்ன?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டு பேர் சொன்னதும் சரிதான். தைலேரியா என்பது உண்ணி கடித்துப் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி. டாக்டர் சொன்னது பேரினத்தின் பெயர், மாணவர் சொன்னது அதற்குள் இருக்கும் ஓர் இனத்தின் பெயர்.

காதில் ஒரு குத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு, ஜீம்சா சாயம், நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸ், இவ்வளவுதான் ஸ்மியர். சிவப்பணுவுக்குள் மோதிரமாகவோ கமாவாகவோ குச்சியாகவோ ஊதா நிறத்தில் ஏதோ தெரியும், ஆனால் இந்த இரண்டு இனமும் அந்த உருவங்களில்தான் வரும் என்பதால் பழகிய கண்ணே தடுமாறும். அந்த நேரத்தில் சிகிச்சையைத் தொடங்க ஸ்மியர் போதும், டாக்டர் செய்தது சரி.

ஆனால் பெயர் மாறினால் உண்ணியும் மாறுகிறது. அன்யுலேட்டாவைப் பரப்புவது ஹயலோமா உண்ணி, அதில் ஒரு வகை தொழுவத்துச் சுவர் இடுக்கிலேயே குடியிருக்கும். ஓரியன்டாலிஸைப் பரப்புவது பெரும்பாலும் ஹீமாபைசாலிஸ், புல்லிலும் புதரிலும் மாடு வரக் காத்திருக்கும். அப்படியானால் நீங்கள் சுவர் விரிசலைப் பூசி அடைப்பதா, மேய்ச்சலுக்குப் போய்வரும் மாட்டின் காதுமடலையும் தொடை இடுக்கையும் தினமும் தடவிப் பார்ப்பதா? நம் நாட்டில் இருக்கும் தைலேரியா தடுப்பூசியும் அன்யுலேட்டாவுக்கானதுதான்.

சரி, மரபணுவின் வரிசையை எழுத்தெழுத்தாகப் படிப்பது எப்படி? 18எஸ் என்றொரு மரபணு, சுமார் 1,700 எழுத்து நீளம், எல்லா ஒட்டுண்ணியிலும் உண்டு, மெதுவாகத்தான் மாறும். அதைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த வரிசைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது யாருக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்துவிடும். ஆனால் எப்போதும் அவ்வளவு சுலபமில்லை. 1901இல் பிரெஞ்சு விஞ்ஞானி லாவரன் விவரித்த குதிரை ஒட்டுண்ணி நெடுங்காலம் பபேசியா என்ற வேறொரு ரத்த ஒட்டுண்ணிப் பேரினத்தின் பெயரிலேயே அழைக்கப்பட்டது. சிவப்பணுவுக்குள் போகும் முன் வெள்ளணுவில் வளர்கிறது என்பது போன்ற காரணங்களால் 1998இல் அதைத் தைலேரியாவுக்கு மாற்றினார்கள். அப்புறம் மரபணுவை வைத்து வரைந்த உறவு மரங்களிலோ அது இரண்டு பக்கமும் ஒட்டாமல் தனிக் கிளையாக நிற்கிறது, அதனால் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஓரியன்டாலிஸுக்கு 18எஸ் மட்டும் பத்தாது. ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதம் ஒன்றின் மரபணுவைப் படித்து அதற்குள்ளேயே 11 வகை பிரித்திருக்கிறார்கள். பஃபெலி வகை பெரும்பாலும் சாது. இகேடா வகை அப்படியில்லை. 2012 முதல் நியூசிலாந்தில் மாடுகளை ரத்தசோகையில் தள்ளியது, 2017இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் தென்பட்டது. லென்ஸில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது, இதனால்தான் எழுத்தைப் படிக்கிறோம்.

அந்த மாணவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த மரபணுவைப் படித்தார்? கலப்புத் தொற்று இருக்கிறதா என்று பார்த்தாரா? ஒரே மாட்டில் இரண்டு இனமும் இருந்தால், சாதாரண முறையில் படிக்கும்போது அதிகமாக இருப்பது மட்டும் தெரிந்து மற்றது மறைந்துபோகலாம். மரபணு வரிசைகளைச் சேர்த்துவைக்கும் தரவு வங்கியில் ஒரு வரிசைக்கு ஒட்டியிருக்கும் பெயரும் அதைப் போட்டவர் வைத்ததுதான், அதுவே தப்பாக இருக்கலாம். ஒரேயொரு பொருத்தத்தை மட்டும் நம்பி அவர் முடிவு சொல்லியிருந்தால், இன்னொரு மரபணுவையும் படிக்கச் சொல்லுங்கள்.