காப்பீடு எடுப்பதும் தயங்குவதும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சம்பா நெல்லுக்குப் பிரீமியம் குறைவுதான், இருந்தும் எங்கள் ஊரில் பலர் கட்டுவதில்லை. விழிப்புணர்வு இல்லாததுதான் காரணமா? (விவசாயி, குறிஞ்சிப்பாடி)

பதில்: அதை மட்டுமே காரணமாகச் சொல்லும் வழக்கத்தை ஆய்வாளர்கள் கைவிட்டு வருகிறார்கள், எனக்கும் அதில் முழு உடன்பாடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான் என்றாலும், உழவு, நடவுக் கூலி, உரம் என்று கையிருப்பெல்லாம் வயலுக்குப் போய்விட்ட நேரத்தில் அதைக் கட்ட வேண்டியிருக்கிறது. கென்யாவின் கரும்பு விவசாயிகளிடம் பொருளாதார ஆய்வாளர்கள் கசாபுரியும் வில்லிஸும் நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், முன்கூட்டியே கட்டச் சொன்னபோது 5 விழுக்காட்டினரும், அறுவடைப் பணத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னபோது 72 விழுக்காட்டினரும் சேர்ந்தனர். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு பதிந்து, பிடித்தம் போக மீதிப் பணம் வாங்கிப் பழகியவர்களுக்கு இப்படியொரு ஏற்பாடு எளிதில் விளங்கும். மேலும், மகசூல் இழப்பு வருவாய் கிராமம் அல்லது பிர்க்கா (பல கிராமங்கள் சேர்ந்த வட்டாரம்) அளவில், மாதிரி வயல்களை அறுத்துப் பார்க்கும் அறுவடைப் பரிசோதனை மூலம் கணக்கிடப்படுவதால், தன் வயலில் விளைச்சல் படுத்தாலும் சுற்றுவட்டாரச் சராசரி குறையாவிட்டால் இழப்பீடு வராமல் போகலாம். அந்த அனுபவத்துக்குப் பின் ஒருவர் தயங்குவதை அறியாமை என்பது அவருக்கு இழைக்கும் அநீதி.

கேள்வி: 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடைக்குக் காப்பீடு எடுத்த பலர் பின்னர் புதுப்பிக்கவில்லை. ஏன்? (வணிகர், கடலூர் முதுநகர்)

பதில்: அமெரிக்க வெள்ளக் காப்பீட்டை ஆராய்ந்த கேலகர், வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு உயரும் காப்பீடு எடுப்போர் எண்ணிக்கை பின்னர் படிப்படியாகப் பழைய நிலைக்கே இறங்கிவிடுவதை 2014இல் காட்டினார். தானே, ஃபெஞ்சல் எனப் புயல்கள் வந்துகொண்டே இருக்கும் நம் கரையில் புதுப்பிப்பை விட்டுவிடாதீர்கள். கட்டடத்தோடு சரக்கும் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: புதிய கைப்பேசிக்குக் காப்பீடு தேவையா? (வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: திரை உடைந்தால் கைப்பணத்தில் மாற்ற முடியுமென்றால் தேவையில்லை. சிறு இழப்புக்கு அதிகம் கொடுத்துப் பெரும் இழப்புக்குக் காப்பீடு இல்லாமல் விட்டுவிடுவது பல நாடுகளில் காணப்படும் பழக்கம். அந்தப் பணத்தைக் குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டில் போடுங்கள்.

கேள்வி: காப்பீட்டுத் தேவை பற்றிய ஆய்வுகள் இப்போது எத்திசையில் செல்கின்றன? (முதுகலை மாணவி, புதுச்சேரி)

பதில்: 1960களில் பொருளாதார அறிஞர்கள் ஆரோவும் மோசினும், இழப்புக்கு அஞ்சுபவர் எவ்வளவு காப்பீடு வாங்குவார் என்பதைக் கணித வழியில் வகுத்தனர். 1979இல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதிய கட்டுரைக்குப் பின், மக்கள் ஆபத்தை உண்மையில் எப்படி எடைபோடுகிறார்கள் என்ற பக்கம் கவனம் திரும்பியது. இப்போது களச் சோதனைகளின் காலம்; குஜராத்திலும் ஆந்திராவிலும் மழைக் காப்பீட்டை வைத்து நடந்த ஆய்வு, விலையோடு நம்பிக்கையும் கைப்பணமும் முடிவைத் தீர்மானிப்பதைக் காட்டியது. பண்ருட்டி முந்திரி விவசாயிகளிடமிருந்து தொடங்குங்கள். தானே புயலில் மரங்களை இழந்து, புதுக்கன்று காய்க்கும்வரை பல ஆண்டுகள் காத்திருந்தவர்களிடம் கேட்க வேண்டியது ஏராளம்.