கலியாண வீட்டில் குடிக்காமல் இருப்பது எப்படி: கேள்வி பதில்

மதுவால் நோயுற்றவர்களைப் பராமரித்த தாதி நான். கொழும்பின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

வெள்ளவத்தை: குடியை விட்டு ரெண்டு மாசம், அக்கா. வாற கிழமை மச்சானுக்குக் கலியாணம். கார் பார்க்கில போத்தல் திறப்பாங்கள். என்ன செய்ய?

பசியோடு போகாதீர்கள் தம்பி. உள்ளே போனதும் ஜிஞ்சர் பியரோ சோடாவோ உங்கள் கையாலேயே ஊற்றி வைத்திருங்கள். வெறுங்கையோடு நிற்பவரிடம்தான் கிளாஸை நீட்டுவார்கள். கீழே வைத்துவிட்டுப் போன கிளாஸைத் திரும்ப எடுக்க வேண்டாம். பகிடிக்கென்று சாராயம் கலப்பவர்கள் இருக்கிறார்கள். நினைத்த நேரத்தில் கிளம்பும்படி தனியாகப் போங்கள். கார் பார்க் பக்கம் கதைக்கக்கூடப் போகாதீர்கள். ஆசை எழும்பினால் பெரியவர்கள், பிள்ளைகள் இருக்கும் பக்கம் போய் அரை மணித்தியாலம் இருங்கள். பெரும்பாலும் தணிந்துவிடும்.

கொட்டாஞ்சேனை: நாளாந்தம் அரைப் போத்தல் சாராயம். நாளைக்கே நிப்பாட்டப் போறன்.

தனியாக, திடீரென்று வேண்டாம். கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போகலாம். வைத்தியர் மேற்பார்வையில் மருந்தோடும் தயமின் என்ற விட்டமின் பி1 ஓடும் நிறுத்தலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள்.

பம்பலப்பிட்டி: நான் பியர் மட்டும்தான்.

8.8 சதவீத பியர், 625 மில்லிலீற்றர் போத்தலில் 55 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம் இருக்கிறது. கால் போத்தல் சாராயத்தில் ஏறத்தாழ 60. கணக்கை நீங்களே பாருங்கள்.

மட்டக்குளி: கலியாண வீட்டில குடிக்காமல் இருக்க ஏன் இவ்வளவு பாடு? அன்டிபயோட்டிக் எடுக்கிறன் எண்டா முடிஞ்சுது.

இன்னொருவர்: பொய் சொல்லிக் குடிச்சம். பொய் சொல்லியே விடுறதோ?

வேறொருவர்: உண்மையைச் சொன்னா குடிகாரன் எண்டு பேர் வைப்பினம். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுற நேரம்.

மூன்று பேரின் சங்கடமும் எனக்கு விளங்குகிறது. தங்கச்சியின் சம்பந்தம் சின்ன விஷயமில்லை. ஆனால் அன்டிபயோட்டிக் ஐந்து நாளில் முடியும். அடுத்த விசேஷத்தில் "மருந்து முடிஞ்சுதா?" என்று கேட்டு ஊற்றுவார்கள். அதற்காக முழுக் கதையையும் மண்டபத்தில் அவிழ்க்கவும் தேவையில்லை. "நான் குடிக்கிறதில்லை" என்பது பொய்யுமல்ல, வாக்குமூலமுமல்ல. காரணம் சொன்னால் அதற்கு எதிர்வாதம் வரும். ஆகவே காரணம் சொல்லாமல் "பொம்பிளை எந்த ஊர்?" என்று கதையைத் திருப்புங்கள். மறுபடி கேட்டால் அதே வசனம்தான். ஆனால் மனைவியோ ஒரு மச்சானோ, அந்த மண்டபத்தில் ஒருவருக்காவது முழு உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கண் காட்டினால் வந்து கூட்டிப்போக ஆள் வேண்டும்.

கிராண்ட்பாஸ்: அவருக்குத் தெரியாமல் குடி மறக்கிற மருந்தைக் கறியில கலக்கலாமா?

கூடவே கூடாது, தங்கச்சி. குடியை விடக் கொடுக்கும் டைசல்பிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, நெஞ்சு படபடப்பு, இரத்த அழுத்தம் விழுதல் என்று போய் மரணம்கூட வரலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, வைத்தியர் எழுதித் தருகிற மருந்து அது.

கொள்ளுப்பிட்டி: நானும் ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல். தனியா விடலாமா?

கொட்டாஞ்சேனைக்காரருக்கு எழுதியதை வாசியுங்கள். இதே கேள்வி இன்னும் நாலு வந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பதில்: தனியாக வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து இன்னொருவர்: ஆறு மாசம் குடிக்காமல் இருந்திட்டு நேற்று ஒரு கிளாஸ் எடுத்திட்டன். எல்லாம் போச்சா?

போகவில்லை. இன்றைக்கு இரண்டாவதை எடுக்காதீர்கள். எங்கே, யார் ஊற்றினார்கள், அதற்கு முன் மனம் எப்படி இருந்தது என்பதை எழுதிக்கொண்டு, சுமித்ராயோ என்ற தொண்டு அமைப்பு குடி, போதையிலிருந்து மீள உதவ நடத்தும் மெல் மெதுர நிலையத்துக்குப் போய்க் கதையுங்கள். கொழும்பில்தான் இருக்கிறது.